ஆம் என்றால் மைனஸ் ஒன்று

ஸோஹார் கிடங்கில் லைசென்ஸ் முடிந்தது.
"இலவசத்துக்கு மாத்திடு" என்றார் நெய்னா காக்கா,
ஏசி சொட்டும் வாளியைக் காலால் தள்ளியபடி.

இரவு பதினொன்றுக்கு அட்டவணைகள் வந்து சேர்ந்தன.
படிவங்கள் வரவில்லை. பொத்தான்களும்.
விடுப்புக் கட்டத்தில் டிக் இருந்த இடமெல்லாம்
மைனஸ் ஒன்று;
பழையதன் பேச்சில் 'ஆம்' அப்படித்தான்.
கூட்டிப் பார்த்தால்
ஊருக்குப் போகிறவர்கள் மைனஸ் நாற்பத்திரண்டு பேர்.

அதற்கு ஒரு வரி போதும், எழுதிவிட்டேன்.

வெல்டர் அருளப்பன் பெயருக்கு நேரே பூஜ்யம்.
மூன்று தடவை வந்து கேட்டான்,
"லீவு என்னாச்சு சார்?"
யாரும் அவனிடம் இல்லை என்று சொல்லவில்லை.
டிக் போடாததை எல்லாம்
'இல்லை' என்றே வைத்திருந்தது பழையது,
அதற்குத் தெரிந்தது இரண்டே பதில்.

புதியதில் வெறுமையாக விடலாம்.
விட்டேன்.
காலையில் காக்கா கேட்பார்,
இது என்ன ஓட்டை என்று.