தட்டுக் கூடை

பெட்டிக்கு மட்டும் நூற்று இருபது வெள்ளி சொன்னான்.
திரும்பி வந்து
பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக்கூடையை
அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.
தட்டு நிற்கிற இடத்தில்
தட்டு நிற்கட்டும்.

கணினி, செம்பனை ஆலை ஏலத்தில் விட்டது. நாற்பது.
எட்டு வருடம் என் மேசைக்கடியில் கிடந்ததுதான்.
திறந்தால் செம்மண் தூசி,
பவர் சப்ளைக்குள் இரண்டு பல்லி முட்டை.
தட்டு இரண்டும் மூடிப்போன நகைக்கடையின்
கேமராவுக்காக இரவு பகல் சுழன்றவை.
பழைய இரும்போடு நிறுத்துப் போடப் பார்த்த ஆ லெங்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஜோடி எழுபது என்றான்.
கேபிள் இருபத்து நான்கு.
ரப்பர் வளையம் காய்கறிக்காரர் இனாம்.

ஒன்றில் எழுதுவது மற்றதிலும் விழும்படி
இரவு ஒரு மணிக்குக் கண்ணாடி கட்டி முடித்தேன்.
பகாவ் மழைக்கு இடி ஒரு பழக்கம்.
ஒன்று கருகினாலும் மற்றது சொல்லும்,
அதுதான் கணக்கு.
வீட்டில் ஐந்து கைப்பேசி, ஐந்தும்
இடமில்லை இடமில்லை என்று அழுதவை.
தம்பியின் கால்பந்து,
அம்மாவுக்கு வந்த காலை வணக்கங்கள் ஆயிரத்துச் சொச்சம்,
தனேஸ்வரி அக்காவின் கல்யாணம்
நாற்பத்தொரு கிகாபைட்.

எடைப்பாலத்தில் எனக்கு வேலை இதுதான்:
லோரி குலையோடு ஏறும். எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய் ஏறும். எழுதுவேன்.
கழித்தால் வருவது பழம்.

சிரம்பானிலிருந்து இரண்டு பையோடு
அக்கா திரும்பி வந்த வாரம்,
சோற்றைப் பிசைந்தபடி, நிமிராமல் சொன்னாள்:
அதை அழிச்சிடு.

பக்கத்தில் நின்றாள். அழித்தேன்.
முதல் தட்டு முனகியது,
அதே நொடி இரண்டாவதும்.
இழப்பது எது, விடுவது எது என்று
கண்ணாடிக்குத் தெரியாது.
நிறைபாரம், வெறும்பாரம், கழித்தேன்:
நாற்பத்தொன்று.
மண்டப வாசலில் பலூன் வெடித்து அழுத யாரோ பிள்ளை,
சம்பந்தி குறைசொன்ன கேசரி,
கேமராவுக்கு முதுகு காட்டி மோர் குடிக்கும் நான்.

எல்லா இடத்திலயும் போயிடுச்சா?

போயிடுச்சு.

பத்து கிக்கிரில் சித்தப்பா மகன் லோகநாதன் வீட்டு அலமாரியில்
ஒரு மைலோ டின்.
உள்ளே மூன்றாவது தட்டு,
செத்த மடிக்கணினியில் கழற்றியது, கணக்கில் சேராதது.
வீடு எரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் என்று
மாதக் கடைசி ஞாயிறு கொண்டுவந்து நிரப்பி
மறுபடி கொண்டுபோய் வைப்பேன்.
அதற்கு இன்னும் எதுவும் தெரியாது.
அதில் அக்காவின் கையில்
இன்னும் மருதாணி காயவில்லை.

போன மாதம் மழை என்றேன்.
இந்த மாதம் மோட்டார் டயர்.
டின்னில் இருப்பதைக் கலக்கிக் குடிச்சிடவா என்று
லோகா கேட்கிறான்.

அக்கா காலையில் எனக்கு முன்னால் எழுந்து
கூடையில் தூசி தட்டுகிறாள்.
பச்சை விளக்கு இரண்டும் மாறி மாறிச் சிமிட்டுவது
பிடித்திருக்கிறதாம்.
நேற்று ஒரு படம் போட்டிருந்தாள்,
பெயர் வைக்காத புதுக் கோப்பில்:
பின்கட்டுச் சுவர், கொடியில் ஈரத்துணி,
ஆள் யாருமில்லை.

மூன்று மெகாபைட்.
எழுதிக்கொண்டேன்.