கண்டறியப்படவில்லை

பகாவ் டவுனில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது
மேசையில் கிடந்த பேப்பரில் பார்த்தேன்:
பேராசிரியர் பவுனம்மா ஓய்வு பெறுகிறார்.
நூற்றுப் பதினான்கு கட்டுரைகள்,
அவர் கையால் தொடங்கிய பகுப்பாய்வுக் கூடம்,
களைக்கொல்லியை மூத்திரத்தில் அளக்க
அவர் கண்ட முறை,
அதற்கு உதவிய முப்பத்தொன்பது தோட்டப் பெண்கள்.

முப்பத்தொன்பதா?
நாங்கள் நாற்பது பேர்.

எண்பத்து மூன்று. அடைமழைக்கு முந்தின வாரம்.
பெரட்டுக்கு நாங்கள் நிற்கும் இருட்டிலேயே
வெள்ளை டட்சன் ஒன்று வந்து நின்றது.
ஐஸ் பெட்டி, நம்பர் ஒட்டிய போத்தல்கள்,
கத்தரித்த முடி.
“நர்சம்மாவா?” என்றார் கிராணி.
“இல்ல. அளக்குறவ.”

அளப்பவர்களை எங்களுக்குத் தெரியும்.
பால் ஸ்டோரில் மிதவையை விட்டுப் பார்த்து
தண்ணி கலந்தாய் என்று காசு பிடித்தவர்கள்.
இவர் எங்கள் விரல்களைப் பார்த்தார்,
நகம் கழன்ற இடத்தை
ஒரு நொடி கூடுதலாக.
ஒன்றும் கேட்கவில்லை.

மண்டோர் காதுக்குள் சொன்னதுதான் பெரிதாகக் கேட்டது:
மருந்து இருக்குன்னு வந்தா தோம்பு தூக்க முடியாது,
அந்த ஐம்பது காசும் போச்சு.
ஐம்பது காசு என் மகனின் பஸ்.
இருபத்து மூன்றாம் நம்பர் போத்தலில்
ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து லயத்துக்கே வந்தார்.
காரமும் ஒரு வெள்ளைத் தூளும் போட்டதும்
போத்தல் போத்தலாக நீலம் எழுந்ததாம்,
வேட்டிக்குப் போடும் நீலம் போல,
சிலதில் வெளிறி, சிலதில் கருத்து.
எங்களுக்காகத் தமிழில் எழுதிய தாளைக் காட்டினார்.
வரிசையாக எண்கள்.
இருபத்து மூன்றுக்கு நேரே மட்டும்
கண்டறியப்படவில்லை.

“தேத்தண்ணிக்குச் சீனியே போட மாட்டீங்களாக்கா?”

சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் மூக்கில் ரத்தம் வந்தது.
கைக்குட்டையை நீட்டிக்கொண்டே சொன்னார்:
இல்லைன்னு எழுதலக்கா.
என் கருவிக்குத் தெரியலன்னுதான் எழுதியிருக்கேன்.
ரெண்டும் வேற.

ஜன்னலில் புதுப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.
நான் அதில் தேங்காய் எண்ணெய் ஊற்றிவைத்தேன்.

அவர் லண்டன் போனதும் டாக்டர் ஆனதும்
பணம் ஒதுக்காத வருஷங்களில்
பழைய கருவியைத் தானே பிரித்துப் பூட்டியதும்
இந்தப் பேப்பர் சொல்லித்தான் தெரியும்.
எங்களுக்குக் கையுறை வந்தது எட்டு வருஷம் கழித்து.
மருந்துக்குத் தடை வந்தது, போனது, மறுபடி வந்தது.
தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயத்தை இடித்தார்கள்.

ரொட்டி ஆறிவிட்டது.
தேத்தண்ணி கேட்டேன், சீனி இல்லாமல்.
இப்போது சுகர்.
மாதம் ஒருமுறை கிளினிக்கில்
கண்ணாடித் துளை வழியே போத்தலை நீட்டுகிறாள்
ஒரு மலாய்ப் பெண்.
நிரப்பிக் கொடுக்கிறேன்,
கழுத்து வரை.
இவ்வளவு வேண்டாம் மக்சிக் என்கிறாள்.