பிழை

பதினொன்றரைக்குக் காலக்டோஸ் ஊற்றினேன்.
முப்பது டிகிரியில் குடுவைகள் ஆடிக்கொண்டிருக்கின்றன.
ஆய்வகம் முழுக்க பேக்கரி வாசம்.
அவினாசி ரோட்டில் நூல் லாரி போகும்போதெல்லாம்
அடுக்கிய தட்டுகள் கிணுகிணுத்து அடங்கும்.

இந்தச் சர்க்கரை உள்ளே போனால்
தூங்கும் கத்தி ஒன்று விழித்துக்கொள்ளும்.
ஒரே வெட்டு,
நான் குறித்த இடத்தில்.

வெட்டுப்பட்ட ஈஸ்ட் பதறுவதில்லை.
மொட்டு விட்டது விட்டபடி நின்றுவிடும்,
எட்டு எழுதி நிறுத்தியது போல.
பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது.
அறுந்த முனைகளை இன்னும் கொஞ்சம் தானே அரித்துக்கொள்ளும்
(இதைச் சொன்னால் வீட்டில் நம்புவதில்லை).
மிஞ்சிய ஒற்றை இழை கிளம்பிப் போய்
பங்காளியைத் தேடும்.
இதே வரி உன்னிடம் இருக்கிறதா,
பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

அரச்சலூரில் எங்கள் கூர்சீட்டைக் கரையான் தின்றது
மூன்றாம் பக்கத்தில்,
கிணற்று முறை எழுதிய இடமாகப் பார்த்து.
இன்னொரு படி பெரியப்பா பீரோவில்.
பதினேழு வருசமாகப் பேச்சில்லை.
நடுவிலுள்ள கிளுவை வேலி மட்டும்
இரண்டு பக்கமும் துளிர்க்கிறது.

"போய்க் கேட்டாத்தான் என்னங்கப்பா?"
"அவரு படியில என்ன எழுதியிருக்குதோ சாமி.
அதப் பாத்து எழுதுனா
நம்புளுதும் அவரு எழுதுனதாப் போயிருமில்ல?"

என் மூன்று வருட ஆராய்ச்சியை
இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் எழுதியதில்லை.

என் செல்களுக்கும் இரண்டு படி.
ஒன்று சரி. மற்றதில் ஓரெழுத்துப் பிழை,
வைத்தது நான்தான்.
சரியானதைத்தான் வெட்டுகிறேன்.
பிழையைப் பார்த்து எழுதிக்கொண்டவை
பிழைக்கும்,
சிவப்பாக.
தமிழில் இரண்டும் ஒரே சொல் என்று
ஆய்வேட்டில் அடிக்குறிப்பு போட முடியாது.

மூன்றாம் நாள். இடையில் இருமுறை மின்வெட்டு,
ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது.
தேடிப் போகும் ஜீனை நீக்கி வைத்த தட்டில்
கைவிரலில் எண்ணும் அளவுக்கும் இல்லை.
அகார் நிலா மாதிரி வெறுமனே கிடக்கிறது.
மற்ற தட்டுகளில் சிவப்பு, சிவப்பு,
நடுநடுவே விபூதிப் பொட்டாக வெள்ளை.
ஒன்று மட்டும் சரிபாதி:
இக்கட்ட சிவப்பு, அக்கட்ட வெள்ளை,
கத்தியால் கீறினாற்போல் எல்லை.
மார்க்கரால் அதற்கு வட்டம் போடும்போது
அப்பா கூப்பிட்டார்.

"உங்க பெரியம்மா வந்துட்டுப் போச்சு.
மஞ்சப்பையில வெச்சுக் குடுத்துச்சு."

"படிச்சீங்களா?"

"இன்னும் பிரிக்கல."

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.
யார் முறை இன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.
அவரும் வைத்துவிடவில்லை.

காதில் போனை இடுக்கிக்கொண்டு எண்ணுகிறேன்.
நூற்றி நாற்பத்தொன்று. நூற்றி நாற்பத்திரண்டு.
இன்னும் ஒன்பது தட்டு இருக்கிறது.