காதணி விழா அழைப்பு

சிம்மக்கல்லில் எங்கள் அச்சகத்தில்
இப்போதெல்லாம் மூன்று வகைச் சுவரொட்டிதான்:
கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு, காதுகுத்து.
மற்றதற்கெல்லாம் அனுமதி எண் வேண்டும்.
இதற்கும் வேண்டும்.
ஆனால் கிடைக்கும்.

ஜெயக்கொடி முதலில் வந்தபோது
கிழித்த நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.
"வெங்காய மார்க்கெட்டில் மூடை தூக்கும்
என் வீட்டுக்காரர் சோணைமுத்துவை
போலீஸ் கூட்டிப்போய் ஒன்பது நாளாச்சு.
எங்கே வச்சிருக்கீங்க?"

அவன் செய்தது,
கண்மாய்க்குள் லாரி லாரியாய் மண் கொட்டுவதைப் பற்றி
ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி
தெரு குரூப்பில் பேசியது.
குரூப்பில் நாற்பத்தோரு பேர்.
காட்டிக்கொடுத்தது யாரென்று
நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
புதுச் சட்டத்தில் அதற்கு ஆள் தேவையில்லை,
போனே சொல்லிவிடும்.

அனுமதிக்கு அனுப்பினேன்.
'போலீஸ்' அடிபட்டு வந்தது.
மறுபடி அனுப்பினேன், 'எங்கே' அடிபட்டது.
'ஒன்பது நாள்' பொது அமைதிக்குப் பங்கம்.
கடைசியில் நின்ற கேள்விக்குறியைச்
சிவப்பு மையால் வட்டமிட்டு
"இது அவசியமா?" என்று கேட்டிருந்தார்கள்,
அவர்களும் ஒரு கேள்விக்குறி போட்டு.
மிஞ்சியது வெங்காயமும் சோணைமுத்துவும்.
சொல்லிவிட்டுச் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

"காதுகுத்துன்னா விடுவாங்களாண்ணே?"
"விடுவாங்க. ஆனா ஒனக்குப் பிள்ளை..."
"இல்ல."
பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.
அழகர்கோயில், மொட்டைத் தலை, சந்தனம்,
அழுது வீங்கிய முகம்.
அஞ்சு வயசு சோணைமுத்து.

ரோஜாப்பூ பார்டர் போட்டேன். மூலைக்கொரு மயில்.
"எங்கள் செல்லம் சோணைமுத்துவின் காதணி விழா.
நாள்: ஆவணி பதினாலு.
நேரம்: இரவு பதினொன்று நாற்பது.
இடம்: கீழமாரட் வீதி, பூட்டிய கடை வாசல்.
தாய்மாமன்கள்:"
அதில் ஜீப்பில் வந்த மூன்று பேர்.
தூக்குவாளியோடு எதிரே நின்றவள்
சட்டையில் குத்தியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள்.
தொடர்புக்கு என்ற இடத்தில் ஜீப்பின் நம்பர்.
அடியில் வழக்கம்போல்
சுற்றமும் நட்பும் வருக.

பாதி ராத்திரியில் எவன் காது குத்துவான் என்று
முத்திரை வைத்தவருக்குத் தோன்றவில்லை.
மயிலைப் பார்த்திருப்பார்.

யானைக்கல், செல்லூர், பெரியார் நிலையம்,
விடிவதற்குள் நானூறு.
பசை வாளியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.
காலையில் டீக்கடைச் சுவர் முன்னால்
கிளாஸோடு நின்ற ஒருவர்
மேலிருந்து கீழே படித்தார்,
பிறகு கீழிருந்து மேலே.
"தாய்மாமனுக்கு எதுக்குய்யா ஜீப் நம்பர்?"
பக்கத்தில் இருந்தவர் டீயை ஊதினார்.
"பையனுக்குக் குத்தல.
இத்தனை நாளா நமக்குத்தான் குத்திக்கிட்டிருக்கான்."

மத்தியானத்துக்குள் கிழித்துவிட்டார்கள்.
யானைக்கல் சுவரில் மட்டும்
பசை நன்றாகப் பிடித்த இடத்தில்
ஒரு காது நின்றது, இடது காது.
சுரண்டிப் பார்த்தும் வரவில்லை.

மூன்றாம் நாள் சோணைமுத்துவை
மேலூர் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
அவ்வளவுதான் நடந்தது. ஜாமீன் இல்லை.
நொண்டினான் என்று ஜெயக்கொடி சொன்னாள்,
ஆனால் ஆள் அவன்தான், பார்த்துவிட்டேன் என்றாள்.
மீதிப் பணம் நூற்றைம்பதை வைத்துவிட்டுப் போனாள்.

என்னையும் கூப்பிட்டார்கள்.
போனை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.
மயில் படம் எங்கிருந்து எடுத்தாய் என்பதுவரை கேட்டார்கள்.

போன வாரம் அலங்காநல்லூரிலிருந்து ஒரு குடும்பம்.
நிஜமான காதுகுத்து.
பிறப்புச் சான்று கேட்டார்கள், கொடுத்தார்கள்.
தாய்மாமன் ஆதார் கேட்டார்கள், கொடுத்தார்கள்.
விழா பகலிலா என்று கேட்டார்கள்.
பிறகு பிள்ளையையே தூக்கி வரச் சொல்லி,
அது அதிகாரியின் பேனாவைப் பிடித்து இழுக்க இழுக்க,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
என்று பார்த்துவிட்டுத்தான்
முத்திரை குத்தினார்கள்.