காதில் போட்டுக்கொள்ளாதவள்

தரமணி. கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.
டீசலுக்கு ஆள் போயிருப்பதாகச் சொன்னார் ஏகாம்பரம்,
நேற்றுச் சொன்ன அதே குரலில்.

திரை அணைவதற்கு ஒரு நிமிடம் முன்வரை
நான் ஒரு நரம்புச் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எலியிடமிருந்து எடுத்தது, தட்டில் வைத்துப் பதினெட்டு நாள்.
சவ்வெங்கும் பச்சைப் புள்ளிகள்:
ஏற்பிகள்.
கேட்பதற்கென்றே வெளியே நீட்டிய காதுகள்.

அளவுக்கு மேல் ஒரு சொட்டு விட்டேன்.
செல் கத்தவில்லை.
சவ்வில் ஓரிடம் குழிந்தது,
அடியில் புரதங்கள் கூடிக் கூடை முடைந்தன,
இன்னொன்று வந்து கழுத்தைச் சுற்றி இறுக்க
காதுகளோடு ஒரு குமிழி உள்ளே விழுந்தது.
வானம் இருட்டினால் வேளச்சேரி மொட்டைமாடிகளில்
கொடித்துணியெல்லாம் காணாமல் போகுமே,
அந்த வேகம்.
சில துணி மறுபடி கொடிக்கு வரும்.
சில கரித்துணியாகி அடுப்படியில் முடியும்.

காதில் போட்டுக்காதே என்கிறோம் நாம்.
செல்லோ
காதையே உள்ளே போட்டுக்கொள்கிறது.

"வா, விழ ஆரம்பிச்சிடுச்சு"
அடுத்த அறையிலிருந்து ஸைனப்.

அவளுடைய ஈக்கள்
கழுத்தை இறுக்கும் அந்த ஒரு புரதத்தில்
எழுத்துப்பிழையோடு பிறந்தவை.
ஏ.சி. குளிரில் பிழை தெரியாது.
அறை முப்பதைத் தொட்டதும் தெரியும்:
குழி விழும், கூடையும் முடையும்,
கழுத்து மட்டும் அறாது.
வெளியே போனது எதுவும் வீடு திரும்பாது.
பைகளைத் திரும்ப வாங்காத கடை
அடுத்த சரக்கை எதில் கட்டும்?
கண்ணாடிக் குழாய்க்குள் ஒவ்வொன்றாய்
மல்லாந்து விழுந்தன.

மேசைமேல் அவள் போன் கவிழ்ந்து கிடந்து அதிர்ந்தது.
தம்பி ஏதோ ஆப்பில் வாங்கிய எட்டாயிரத்துக்கு
ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு.
முதல் வாரம் எல்லாவற்றையும் எடுத்தாள்,
ஒவ்வொருவனிடமும் முழு முகவரி சொல்லி அழுதாள்,
சாப்பிடவில்லை, குழாய்களில் தேதி எழுத மறந்தாள்.
இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
மரத்துப் போயிட்டா என்று
கேன்டீனில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நெற்றி வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நிற்க
அவள் குழாய்களையே எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினேழு. பதினெட்டு.
போன் மேசை விளிம்புவரை நகர்ந்து வந்து நின்றது.
நான் அதை எடுத்து
என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
தொடையில் அதிர்ந்தது. இருக்கட்டும்.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது.
குளிர் இறங்க இறங்க
ஈக்கள் காலை உதறின, புரண்டன,
ஒன்றுமே நடக்காததுபோல் சுவரேறின.
ஒன்று மட்டும் எழவில்லை.
மெல்லிய தூரிகை நுனியால்
அதன் விலாவைத் தொட்டபடி
அவள் காத்திருந்தாள்.