மைனஸ் எண்பது

வெஸ்ட்வில் குன்றில் மின்வெட்டு,
நான்காம் மணி நேரம்.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.

உறைபெட்டிக்குள்
பதினோரு வருட எலி மூளைகள்,
தாளை விட மெல்லிய சீவல்கள்.
வலிப்பு வந்தவை மேல்தட்டில்.
மருந்து தின்றும் வந்தவை மற்ற எல்லாத் தட்டிலும்.
வராமல் போனது ஒன்றே ஒன்று,
இருநூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு ஏன் வரவில்லை என்பதுதான்
என் பதவி, என் நரை,
டர்பனில் நான் போகாத கல்யாணங்கள்.

தெம்பேகா கைப்பிடியில் கை வைத்தாள்.
திறக்காதே,
இருக்கிற குளிராவது இருக்கட்டும்.

இருட்டில் உட்கார்ந்து
ஆறிப்போன பன்னி சௌவைப் பிய்த்தோம்.
கைபேசி வெளிச்சத்தில் முகப்பைப் படித்தாள்:
மைனஸ் அறுபத்தொன்று.
மைனஸ் நாற்பது.
அப்புறம் அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

விளக்கு வந்தது.
விரலெல்லாம் மசாலா மஞ்சள்.
கையுறை மாட்டாமலே
கதவைத் திறந்தேன்.