தட்டிப் பார்க்கிறவர்

அரையாண்டு லீவு. மார்கழி ஒன்பது.
பர்கூரை விட்டுக் கிளம்பும்போது
ஹெட்லைட் எட்டிய தூரம்தான் ரோடு,
மிச்சமெல்லாம் பனி.
மாருதியில் மூன்று பேர், ஒரு பிளாஸ்க்,
எள்ளுருண்டை டப்பா,
என் தம்பி எழுதித் தந்த பட்டியல்:
மூன்று ஊர், ஏழு இடம், இரண்டு நாள்.

இவருக்குக் குவாரியில் மேற்பார்வை.
'பதினெட்டு வருஷத்துல இப்பதான்
கல்லைப் பார்க்கக் காசு கட்டிப் போறேன்'
என்றார் சுங்கச்சாவடியில்.

தருமபுரி கோட்டைக் கோயிலில்
தொங்கும் தூணுக்கு அடியில் துண்டை நுழைத்து
அந்தப் பக்கம் இழுத்துக் காட்டினார் ஒருவர்.
நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.
இவர் வண்டிச் சாவியால் தூணைத் தட்டி
காதை வைத்துக் கேட்டு
'நல்ல கல். உள்ளே கீறல் இல்ல' என்றார்,
பெண் பார்த்துவிட்டு வந்தவர்போல.
பிறகு உதடு மட்டும் அசைந்தது.
எத்தனை கன மீட்டர், மீட்டர் என்ன விலை.
எனக்குத் தெரியும் அந்த உதடு.
எங்கள் கல்யாண மண்டபத்துத் தரையைப் பார்த்தும்
அப்படித்தான் அசைந்தது.

அதியமான்கோட்டையில்
அண்ணாந்து ஓவியம் பார்த்தோம்.
இவர் குனிந்து தளம் பார்த்தார்.

மியூசியத்து வாசலில் வெயில் வந்திருந்தது.
வரிசையாக நடுகற்கள்.
ஒன்றில், வில்லோடு ஒருத்தன்,
நெஞ்சில் மூன்று அம்பு,
காலடியில் கட்டைவிரல் அளவு மாடுகள்.
'தொறு மீட்டுப் பட்டான்னா என்னம்மா?'
மாட்டு மந்தையை மீட்டுட்டுச் செத்தான், தன்ஷிகா.
'மாட்டுக்காகவா?'

இவர் சாவியை எடுத்தார்.
கை கல்வரை போனது.
தட்டவில்லை.

ஆடியில், வைரக் கம்பி அறுந்து வீசியதில்
சென்னப்பன் போனான். ஊத்தங்கரைக்காரன்.
அந்த பிளாக்கைக் கழுவி, நம்பர் போட்டு,
ஆவணியில் கப்பல் ஏற்றினார்கள்.
ரசீதில் இவர் கையெழுத்து.
இந்நேரம் கடல் தாண்டி எவளோ ஒருத்தி
அதன்மேல் தக்காளி நறுக்கிக்கொண்டிருப்பாள்.

கிருஷ்ணகிரி லாட்ஜில் ஒரு வாளி வெந்நீர்தான்.
குழந்தை தூங்கியபின் கேட்டார்:
'அந்தக் கல்லுல பேர் இருந்துச்சா?'
இருந்திருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்து,
'அது வெட்டவே நாலு நாள் ஆயிருக்கும்.'

மறுநாள் ராயக்கோட்டை மலை.
பாதிப் படியில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.
தூசு இல்லாத காற்று ஒத்துக்கவில்லை என்று
நானே ஜோக்கடித்தேன்.
நானே சிரித்தேன்.

மல்லசந்திரத்தில்
மேட்டுமேல் கல்லறைகள் நின்றன.
நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடி,
ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை.
'வீடா?'
செத்தவங்களுக்கு.
'அப்புறம் எதுக்கு ஜன்னல்?'
இரண்டு பேருமே அவளைப் பார்த்தோம்.
இவர் அந்த ஓட்டைக்குள் கையை விட்டார்,
முழங்கைவரை,
மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்போல.
எடுத்தபோது விரல் நுனியில்
சிலந்திவலை.

ஓசூர் பாக்கி இருந்தது.
மலைக்கோயில், தேர், கடைத்தெரு.
ரோடு பிரியும் இடத்தில்
வண்டி இந்தப் பக்கம் திரும்பியது.
'இது ஓசூர் ரோடு இல்லப்பா.'
இல்லை.

ஊத்தங்கரை போய்ச் சேர மூன்றரை மணி.
நாகம்மாவுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.
மடியில் முறம், முறத்தில் மொச்சை.
வாசற்படியாக ஒரு கிரானைட் துண்டு,
ஒரு ஓரம் உடைந்தது,
எங்கள் குவாரிச் சாம்பல் நிறம்.
சென்னப்பன் சைக்கிளில் கட்டி
ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்திருப்பான்.
இவர் அதை மிதிக்காமல் தாண்டினார்.

என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.
தன்ஷிகாதான் முதலில் ஒரு காயை உரித்தாள்.
பிறகு நான்.
பிறகு இவர், மெதுவாக,
நகத்தில் கல்பொடி படிந்த விரலால்.

வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டது
முறம் பாதி காலியான பிறகுதான்
ஞாபகம் வந்தது.
போய் எடுக்கவில்லை.